வெட்டாற்று முகத்துவாரத்தில் நிறம் மாறிய தண்ணீர், மட்டிக் குழம்பு, மரத்துப்போன உதடு: பாசி விஷம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெட்டாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நாகூரில் வெட்டாறு கடலில் கலக்கும் இடத்திற்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. தை பிறந்து ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் பாட்டியும் பக்கத்து வீட்டு அத்தையும் வற்றம் (கடல் நீர் இறங்கும் நேரம்) பார்த்து இறங்கி, காலால் சேற்றைத் துழாவி மட்டி பொறுக்குவார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். இத்தனை வருடத்தில் யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

போன வாரம் முகத்துவாரத்தில் தண்ணீர் ஆறிப்போன டீ நிறத்தில் ஒரு பட்டை மாதிரி கிடந்தது. மறுநாள் தெளிந்துவிட்டது. தெளிந்ததே என்று அதற்கு அடுத்த நாள் மட்டி எடுத்துக் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் இருக்கும், அத்தைக்கு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்திருக்கிறது. அப்புறம் நாக்கு தடித்தது போல, விரல் நுனியெல்லாம் மரத்தது போல. நடந்தால் கால் தரையில் படவில்லை என்றார். மருத்துவமனையில் ஒவ்வாமை என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். காலையில் சரியாகிவிட்டது. அதே குழம்பைச் சாப்பிட்ட பாட்டிக்கு ஒன்றும் இல்லை.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. "தண்ணீரில் வந்த பாசிதான் காரணம்" என்கிறார் அப்பா. "பாசி என்ன பாம்பா, விஷம் வைத்திருக்க?" என்கிறார் பாட்டி. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: கண்ணுக்கே தெரியாத ஒரு பாசி எப்படி, எதற்காக நரம்பைத் தாக்கும் விஷத்தைச் செய்கிறது? தண்ணீர் தெளிந்த பிறகும் அது மட்டிக்குள் இருக்குமா?

அக்கரைப்பேட்டை ஃபைபர்

தம்பி, 22 வருடமாகக் கடலுக்குப் போகிறேன். தண்ணீர் நிறம் மாறுவது புதிதில்லை. வாடைக்காற்று அடங்கி வெயில் ஏறும்போது சில நாள் மரத்தூள் கொட்டினது போல மிதக்கும், சில நாள் பச்சையாக வரும், ஒரு நாற்றமும் அடிக்கும். ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள் அந்தப் பச்சையைப் பூங்கோரை என்பார்கள். இரவில் வலையைத் தூக்கினால் கயிறு முழுக்க நீல வெளிச்சம். அந்த இடத்தில் மீன் நிற்காது, நாங்கள் வேறு பக்கம் போய்விடுவோம். ஆனால் அந்தச் சமயத்தில் பிடித்த மீனைச் சாப்பிட்டு யாருக்கும் உதடு மரத்ததாக நான் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதிரிச் செய்தி வெளியே போனால் ஏலத்தில் மீன் விலை விழுந்துவிடும். மட்டியில் நடந்ததை மீன் தலையில் கட்டாதீர்கள்.

பரங்கிப்பேட்டை மாணவி

கடல் உயிரியல் படிக்கிறேன், மிதவை உயிர்கள்தான் என் பாடம். அண்ணன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் பார்த்ததெல்லாம் உண்மை. ஆனால் அவை வேறு வேறு உயிர்கள்.

மரத்தூள் போல மிதப்பது டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி. பச்சையாக வருவதும் இரவில் நீலமாக மின்னுவதும் நாக்டிலூக்கா. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததை எல்லோரும் போய்ப் பார்த்தோமே, அதுவும் இதுதான். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் பச்சை நாக்டிலூக்கா பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின. அங்கே மீனைக் கொன்றது நரம்பு விஷம் இல்லை. அந்த உயிர் உடம்பில் சேர்த்து வைக்கும் அம்மோனியாவும், அது செத்து அழுகும்போது தண்ணீரில் குறைந்துபோகும் ஆக்சிஜனும்தான்.

நரம்பு விஷம் செய்கிறவர்கள் வேறு கூட்டம். மூன்று வகையைச் சொல்கிறேன்.

முதலாவது அலெக்சாண்டிரியம், ஜிம்னோடினியம் கேட்டனேட்டம், பைரோடினியம் போன்ற டைனோபிளாஜெல்லேட்டுகள். இரண்டு சாட்டை வால் வைத்துக்கொண்டு சுழன்று நீந்தும் ஒற்றைச் செல் உயிர்கள். இவை செய்வது சாக்ஸிடாக்சின். அமெரிக்காவின் மேற்குக் கரையில் சாக்ஸிடோமஸ் என்றொரு மட்டி இருக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுத்ததால் விஷத்திற்கு அந்தப் பெயர். பாவம், மட்டி அதைச் செய்யவே இல்லை, விழுங்கியது மட்டும்தான்.

இரண்டாவது சூடோநிட்சியா. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு போர்த்திய, ஊசி வடிவில் உள்ள டயாட்டம் வகைப் பாசி. இது செய்வது டோமோயிக் அமிலம். மூன்றாவது, அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் வரும் கரேனியா பிரெவிஸ், பவளப்பாறைகளில் பெரிய பாசிகளின் மேல் ஒட்டி வளரும் காம்பியர்டிஸ்கஸ். கரேனியா செய்வது பிரெவிடாக்சின், காம்பியர்டிஸ்கஸ் சிகுவாடாக்சினுக்கு மூலம்.

இனி, எப்படிச் செய்கின்றன என்பது. தனியாக விஷப்பை எதுவும் கிடையாது. நம் உடம்பிலும் உள்ள சாதாரணச் சாமான்களை வைத்துத்தான் செய்கின்றன. சாக்ஸிடாக்சினுக்கு அடிப்படை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். புரதம் உள்ள எந்தச் சாப்பாட்டிலும் அது உண்டு. அதோடு அசிட்டேட்டை ஒரு நொதி சேர்க்கிறது, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து ஒரு கரி (கார்பன்) துண்டு வருகிறது, பிறகு ஒவ்வொரு நொதியாக மடித்து, வளையம் போட்டு, மூன்று வளையம் கொண்ட மூலக்கூறாக முடிக்கின்றன. இந்த வேலைக்கான மரபணுக்களை முதலில் கண்டுபிடித்தது கடலில் இல்லை, நன்னீர் நீலப்பச்சைப் பாசியில், 2008-ல். கடல் டைனோபிளாஜெல்லேட்டில் அதே வரிசையின் தொடக்க மரபணு 2011-ல் கிடைத்தது. அவ்வளவு தாமதம் ஆனதற்குக் காரணம், அலெக்சாண்டிரியத்தின் மரபுத்தொகுதி மனிதனுடையதைவிடப் பல மடங்கு பெரியது. வைக்கோற்போரில் ஊசி தேடிய கதைதான்.

டோமோயிக் அமிலத்திற்கு மூலப்பொருள் குளூட்டமேட். அதுவும் புரதத்தில் உள்ள சாதாரண அமினோ அமிலம்தான். அதோடு ஜெரனைல் என்ற பத்துக் கரி கொண்ட சங்கிலியை ஒரு நொதி ஒட்ட வைக்கிறது, பிறகு ஆக்சிஜனேற்றம், வளையம், முடிந்தது. இதற்கான மரபணுக் கொத்தை 2018-ல் கண்டார்கள். கையடக்கமான கொத்து. பிரெவிடாக்சின் வேறு மாதிரி: நீளமான கரிச் சங்கிலியைக் கட்டி, அதை ஏணிப்படி போல அடுத்தடுத்த வளையங்களாக மடிக்கின்றன.

எதற்காகச் செய்கின்றன என்பதை இரவு எழுதுகிறேன், இப்போது ஆய்வகத்திற்கு நேரமாகிவிட்டது.

திருவாரூர் அடுக்களை

அக்கா, நடுவில் ஒரு கேள்வி. புளி ஊற்றி நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடாதா? எங்கள் வீட்டில் எதற்கும் மஞ்சள் தூள் போட்டு இரண்டு தண்ணீர் கழுவுவோம்.

இரவுப் பணி

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். போகாது. சாக்ஸிடாக்சின் சூட்டைத் தாங்கும், புளிப்பைத் தாங்கும். பனிக்கட்டியில் வைத்தாலும் அப்படியே இருக்கும். தண்ணீரில் கரையும் என்பதால் கொதிக்கும்போது மட்டியிலிருந்து குழம்புக்கு இறங்கும், அவ்வளவுதான். கழுவினால் ஓட்டின் மேல் உள்ள சேறு போகும், சதைக்குள் இருப்பது போகாது. வாசனை இல்லை, ருசியில் மாற்றம் இல்லை.

வெட்டாற்றங்கரைத் தம்பிக்கு. உங்கள் அத்தையைப் பார்க்காமல் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்வது முறையில்லை. ஆனால் நீங்கள் எழுதிய வரிசை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒவ்வாமை என்றால் பொதுவாக அரிப்பு, தடிப்பு, கண் இமை வீக்கம், இழுப்பு வரும். நீங்கள் சொன்னது உதட்டில் தொடங்கிய எறும்பு ஊரும் உணர்வு, நாக்கு, பிறகு விரல் நுனி, பிறகு மிதப்பது போன்ற நடை. சிப்பி விஷத்தால் வரும் வாதத்தின் வரிசை இதுதான். சாப்பிட்டு அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தொடங்கும்.

உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். நரம்பில் செய்தி போவது, செல் சுவரில் உள்ள மிகச் சிறிய மதகுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்வதால். ஒரு மதகு திறந்தால் அடுத்தது, அதற்கடுத்தது, அப்படியே மூளையிலிருந்து விரல் வரை. சாக்ஸிடாக்சின் அந்த மதகின் வாயில் கல் வைத்தது போல அடைத்துக்கொள்ளும். முறை வைத்துத் தண்ணீர் விட்டும் மதகு அடைத்துக் கிடந்தால் வயல் என்ன ஆகும்? அதுதான் தசைக்கும் ஆகிறது. கை கால் தளரும். அளவு கூடினால் மூச்சு விடும் தசைகள் நின்றுவிடும். அப்போதும் பல பேருக்கு நினைவு தெளிவாக இருக்கும், அதை நினைத்தாலே எனக்கு மனம் பதறும்.

பிரெவிடாக்சினும் சிகுவாடாக்சினும் இதற்கு நேர் எதிர். அவை மதகை மூடவிடாமல் திறந்தே வைத்திருக்கும், நரம்பு நிற்காமல் கத்திக்கொண்டே இருக்கும். சிகுவாடாக்சின் பாதித்தவருக்கு ஜில்லென்ற தண்ணீர் சுடுவது போலத் தெரியும். மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்துவது குளூட்டமேட்; டோமோயிக் அமிலம் அது போல வேடம் போட்டு நுழைந்து, நினைவாற்றல் இருக்கும் பகுதியின் செல்களை அளவுக்கு மீறித் தூண்டியே சாகடிக்கும். 1987-ல் கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த சிப்பியைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், அதில் சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பழைய விஷயம் நினைவிருக்கும், காலையில் பார்த்த ஆள் நினைவிருக்காது. டோமோயிக் அமிலத்தின் இந்த முகத்தை உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1981-ல் நம் தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்து, 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1997-ல் கேரளத்தில் விழிஞ்ஞம் பக்கம் சிப்பி சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள்.

முறிவு மருந்து கிடையாது. ஆனால் மூச்சைச் செயற்கையாக ஓட்டிக்கொடுத்தால் உடம்பே சிறுநீர் வழியாக விஷத்தை வெளியேற்றிவிடும். முதல் ஒரு நாளைத் தாண்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அதனால் உதடு மரத்தவுடன் 108-ஐக் கூப்பிடுங்கள். நாக்கு மரத்த ஆளுக்கு வீட்டில் மோரோ உப்புத் தண்ணீரோ புகட்ட வேண்டாம், புரையேறும். மருத்துவரிடம் "மட்டி சாப்பிட்டேன், இத்தனை மணிக்கு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். மீதிக் குழம்பைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள்.

திருவாரூர் அடுக்களை

அப்போது பாட்டிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

இரவுப் பணி

ஒரே சட்டியில் உள்ள எல்லா மட்டியிலும் ஒரே அளவு இருக்காது. யார் எவ்வளவு மட்டி தின்றார்கள், யார் குழம்பை அதிகம் ஊற்றிக்கொண்டார்கள் என்பதும் உண்டு.

வெட்டாற்றங்கரை

அத்தை குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். பாட்டி இரண்டு பல்தான் வைத்திருக்கிறார், நாலைந்து மட்டிக்கு மேல் சாப்பிட்டிருக்க மாட்டார். இதை இப்போதுதான் யோசித்தேன்.

பரங்கிப்பேட்டை மாணவி

டாக்டர் ஐயா சொன்ன அளவுக் கணக்கை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். உலக உணவுத் தர விதி, ஒரு கிலோ சிப்பிச் சதையில் சாக்ஸிடாக்சின் 800 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. அதாவது ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டோமோயிக் அமிலத்திற்கு 20 மில்லிகிராம்.

இப்போது "எதற்காக". முதல் காரணம், தன்னைத் தின்ன வருகிறவர்களிடமிருந்து தப்பிக்க. கோப்பிபாட் என்ற கடுகளவு ஓட்டுயிர்கள்தான் கடலில் பாசியை மேய்கிற ஆடு மாடுகள். அவை தண்ணீரில் விடும் கோப்பிபோடமைடு என்ற கொழுப்பு வகைப் பொருளின் வாடை பட்டாலே அலெக்சாண்டிரியம் தன் விஷத்தைக் கூட்டுகிறது. கோப்பிபாட் கிட்டே வரக்கூட வேண்டாம், அந்தப் பொருளை மட்டும் தண்ணீரில் விட்டாலும் போதும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. கண்ணும் மூக்கும் மூளையும் இல்லாத ஒற்றைச் செல், யார் வருகிறார்கள் என்று அறிந்து உலை வைக்கிறது.

மனிதன் அதன் கணக்கிலேயே இல்லை. மட்டி ஒரு நாளைக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி, அதில் உள்ள பாசியை விழுங்குகிறது. மட்டியின் நரம்பு பொதுவாக நம்முடையதைப் போல எளிதில் முடங்குவதில்லை. விஷம் அதன் குடலிலும் சதையிலும் தங்குகிறது. பிறகு நாம்.

தண்ணீர் தெளிந்த பிறகும் இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்கும். சில வகைச் சிப்பிகள் சில வாரங்களில் வெளியேற்றிவிடும். சாக்ஸிடோமஸ் இரண்டு வருடம்கூட வைத்திருக்கும். தண்ணீர் தெளிந்தது பாசி போய்விட்டது என்பதற்குத்தான் அடையாளம், மட்டி சுத்தமாகிவிட்டது என்பதற்கு இல்லை. இன்னொன்றும் உண்டு: லிட்டருக்குச் சில ஆயிரம் அலெக்சாண்டிரியம் செல் இருந்தாலே மட்டியில் விஷம் ஏறிவிடும். அந்த அளவில் தண்ணீர் நிறமே மாறாது. நீங்கள் பார்த்த டீ நிறப் பட்டை வேறு ஏதோ தீங்கில்லாத பாசியாகவும் இருக்கலாம், விஷக்காரர்கள் தெளிந்த தண்ணீரில் இருந்திருக்கலாம். நிறத்தை வைத்து முடிவு செய்யும் பழக்கத்தைத்தான் நாம் முதலில் விட வேண்டும்.

இரண்டாவது காரணம் சாப்பாட்டுக் கணக்கு. சாக்ஸிடாக்சின் மூலக்கூறில் 10 கரி அணுவுக்கு 7 நைட்ரஜன் அணு. இவ்வளவு நைட்ரஜன் செறிந்த பொருள் செல்லுக்குள் அபூர்வம். தண்ணீரில் நைட்ரஜன் தாராளமாக இருந்து பாஸ்பரஸ் தட்டுப்பாடானால், அலெக்சாண்டிரியத்தால் இரண்டாகப் பிரிந்து பெருக முடியாது, ஏனென்றால் புதிய செல்லின் மரபுப்பொருளுக்கும் சவ்வுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். ஆனால் ஆர்ஜினின் சேர்ந்துகொண்டே போகும். அது விஷமாகிறது. அதனால் பெருக்கம் நிற்கும்போது ஒவ்வொரு செல்லிலும் விஷம் ஏறுகிறது. சூடோநிட்சியாவும் சிலிக்காவோ பாஸ்பரஸோ தட்டுப்பாடாகும்போது டோமோயிக் அமிலத்தைக் கூட்டுகிறது.

டெல்டாவில் இருக்கிற நாம் இதை யோசிக்க வேண்டும். நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வயல்கள் வடிந்து வெட்டாறு, அரசலாறு, அடப்பாறு, கோரையாறு வழியாகக் கடலுக்குப் போகும் தண்ணீரில் யூரியா போகிறது.

ஆறு ஏக்கர்

வந்துவிட்டீர்கள் அல்லவா கடைசியில் விவசாயி தலைக்கே! நிலத்தடி நீர் கெட்டால் விவசாயி, காற்று கெட்டால் விவசாயி, இப்போது நாகூரில் மட்டி கெட்டாலும் கும்பகோணத்து விவசாயியா? ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று மறியல் செய்கிற ஊர் அம்மா இது. கடலுக்குப் போகிற அளவுக்கு எங்கே தண்ணீர் இருக்கிறது? யூரியா மூட்டைக்குக் கால்கடுக்க வரிசையில் நின்று வாங்குகிறோம், ஆற்றில் கொட்டவா?

பரங்கிப்பேட்டை மாணவி

ஐயா, கோபப்படாதீர்கள். என் அப்பாவும் சம்பா போடுகிறவர்தான், எங்கள் வீட்டுச் சோறும் அந்த யூரியாவில் விளைந்ததுதான். குறுவைக் காலத்தில் கடலுக்குப் போவது சொற்பம் என்று நீங்கள் சொல்வது சரி. நான் சொன்னது வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கி, வடிகால் வாய்க்காலை வெட்டிவிடும் நாட்களைப் பற்றி. போட்ட உரம் பயிருக்குச் சேராமல் போவது உங்களுக்கும் நஷ்டம்தானே. மேலுரத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதும், கனமழை அறிவிப்பு இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுவதும் உங்களுக்குத் தெரியாததா?

வயல் மட்டும் காரணம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு. ஆற்றோர நகரங்களின் சாக்கடை இருக்கிறது. இறால் பண்ணைக் குட்டைகளைத் திறந்துவிடும் தண்ணீரில் தீவனக் கழிவு இருக்கிறது. நாகைக் கரையில் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்குக் குடிநீரும் விளைநிலமும் உப்பாவதுதான் பெரிய பேச்சு. பண்ணைக் கழிவு நீரைச் சுத்தம் செய்து விட வேண்டும் என்ற பேச்சு கடல் பாசிக்கும் பொருந்தும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டயாட்டம் ஓடு கட்டுவதற்கு சிலிக்கா வேண்டும். அது பாறையும் மண்ணும் கரைந்து ஆற்றோடு வருவது. பெரிய அணைகளில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அங்கேயே வளரும் டயாட்டங்கள் அதை எடுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடுகின்றன. டான்யூப் ஆற்றில் அணைகள் வந்த பிறகு கருங்கடலில் டயாட்டம் குறைந்து, சிலிக்கா தேவைப்படாத பாசிகள் பெருகியதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேட்டூர் 1934-லிருந்து நிற்கிறது. காவிரியின் தண்ணீரை மட்டும் பங்கு போட்டுச் சண்டை போடுகிறோம், ஆறு கடலுக்குக் கொண்டு போகிற மற்றதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் ஆற்றாமை.

ஆறு ஏக்கர்

இப்படிச் சொன்னால் கேட்கலாம். மேலுரம் பற்றிச் சொன்னது ஞாயம். போன கார்த்திகையில் நானே இரண்டாம் நாள் போட்டது எல்லாம் மூன்றாம் நாள் மழையில் போயிற்று. எங்கே போயிற்று என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

காரைக்கால் சரக்கு

துறைமுகப் பக்கம் வேலை. கப்பல் வெறுமையாக வரும்போது சாயாமல் நிலையாக மிதப்பதற்காக அடித்தொட்டிகளில் வேறு ஊர்க் கடல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வரும், சரக்கு ஏற்றும்போது வெளியே விடும். அந்தத் தண்ணீரோடு பாசி வருமா? எங்களுக்குப் பயிற்சியில் ஒரு நாள் இதைப் பற்றிச் சொன்னார்கள்.

பரங்கிப்பேட்டை மாணவி

வரும் அண்ணா. பாசியாக மட்டும் இல்லை, விதை போலவும் வரும். நிலைமை சரியில்லாதபோது அலெக்சாண்டிரியமும் ஜிம்னோடினியமும் தடித்த ஓடு போட்டுக்கொண்டு அடிச் சேற்றில் உறங்கும். வருடக் கணக்கில் கிடந்து, சூடும் வெளிச்சமும் கூடிவந்தால் முளைக்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு ஜிம்னோடினியம் கேட்டனேட்டம் கப்பல் தண்ணீரில்தான் போய்ச் சேர்ந்தது என்று கருதுகிறார்கள். கப்பல் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டு 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முகத்துவாரச் சேற்றைத் தூர்வாரும்போதும் இந்த விதைகள் கிளறப்படும்.

அக்கரைப்பேட்டை ஃபைபர்

பேத்தை மீன் (பந்து போல ஊதிக்கொள்ளும் மீன்) விஷமும் இந்தப் பாசியில் வருவதா? எங்கள் தாத்தா அதை வலையிலிருந்து எடுத்ததும் கையைக் கழுவுவார்.

பரங்கிப்பேட்டை மாணவி

பேத்தையின் டெட்ரோடாக்சினைப் பெரும்பாலும் பாக்டீரியா செய்கிறது. ஆனால் டாக்டர் ஐயா சொன்ன அதே சோடிய மதகை, அதே இடத்தில்தான் அதுவும் அடைக்கும். தாத்தா செய்தது சரி.

மீனைப் பற்றிய உங்கள் முதல் கவலைக்கும் இப்போது பதில் சொல்கிறேன். சாக்ஸிடாக்சினும் டோமோயிக் அமிலமும் மீனின் சதையில் அதிகம் ஏறுவதில்லை, குடலில்தான் இருக்கும். மத்தியும் நெத்திலியும் பாசியை மேய்கிற மீன்கள். குடலையும் தலையையும் கிள்ளி எறிந்துவிட்டுச் சமைப்பது நம் வீடுகளில் இருக்கிற பழக்கம்தானே, அது போதும். குடலோடு முழுதாக வறுப்பதை மட்டும் இந்த மாதிரி நாட்களில் தவிர்க்கலாம். நண்டில் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள்தான் கவனிக்க வேண்டியது. 2015-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சூடோநிட்சியா பெருகியபோது நண்டுப் பருவத்தையே மாதக்கணக்கில் தள்ளி வைத்தார்கள். மட்டி, ஆளி, சிப்பி இவற்றில்தான் உண்மையான ஆபத்து, ஏனென்றால் அவற்றைக் குடலோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம். ஏலத்தில் யாராவது கேட்டால் இதை அப்படியே சொல்லுங்கள் அண்ணா.

அக்கரைப்பேட்டை ஃபைபர்

சொல்கிறேன். குழு வாட்ஸப்பில் போட்டுவிட்டேன். பெண்கள் மட்டி பொறுக்கும் இடம் நான்கைந்து உண்டு, அங்கேயும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்று, ஏற்றுமதிக்குப் போகிற இறாலுக்குப் பெட்டி பெட்டியாகச் சோதனை. ஆற்றில் பொறுக்கி ஒரு கூறு கட்டி விற்கிற மட்டிக்கு யார் வந்து பார்க்கிறார்கள்? அதைச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மீன் வாங்கக் காசு இல்லாதவர்கள் அம்மா.

இரவுப் பணி

அண்ணன் எழுதிய இந்த வரிக்காகவே இந்த இழையை எங்கள் மாவட்டச் சுகாதாரக் கூட்டத்தில் எடுத்து வைக்கப் போகிறேன். உதடு மரத்து வருகிறவரிடம் "கடல் சாமான் சாப்பிட்டீர்களா" என்று கேட்கும் ஒரு கேள்வி புறநோயாளிச் சீட்டில் இருந்தாலே பாதி வேலை முடியும்.

வெட்டாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. இழை முழுவதையும் நேற்று இரவு பாட்டிக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். மதகு உவமை வந்ததும் பாட்டி எழுந்து உட்கார்ந்தார். தன் சின்ன வயதில் கோடையில் ஒரு குடும்பமே மட்டி தின்று நாக்கு இழுத்துக் கிடந்ததாகவும், காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்ததாகவும் அப்போதுதான் சொன்னார். இத்தனை வருடத்தில் இதை ஒரு தடவைகூட எங்களிடம் சொன்னதில்லை. யாருக்கும் எதுவும் ஆனதில்லை என்று நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

மாணவி அக்கா, தண்ணீரும் மட்டியும் கொண்டு வந்தால் உங்கள் ஆய்வகத்தில் பார்க்க முடியுமா?

பரங்கிப்பேட்டை மாணவி

பேராசிரியரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். வரும் ஞாயிறு காலை நானே வருகிறேன், பாசியைக் கெடாமல் வைக்கும் அயோடின் கரைசல் என்னிடம் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது: கடல் நீர் ஏறும்போது முகத்துவாரத்தில் ஒரு பாட்டில், பாட்டி மட்டி எடுக்கும் இடத்தில் ஒரு பாட்டில். வெயில் படாமல் ஈரத்துணி சுற்றி வையுங்கள். மட்டி இருபது, முப்பது போதும். சமைக்காமல் பனிக்கட்டியில். எந்த இடம், எத்தனை மணி என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். பாட்டி அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார்களே, அது எந்த வருடம், எந்த மாதம், அப்போது ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். எனக்கு அது தண்ணீர் பாட்டிலைவிட முக்கியம்.

வெட்டாற்றங்கரை

பாட்டியிடம் கேட்டேன். கல்யாணத்திற்கு முந்தைய வருடம், பங்குனி. ஆற்றில் தண்ணீர் இல்லை, முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடந்ததாம். ஞாயிறு காலை வற்றம் ஆறு மணிக்கு. அத்தையும் வருகிறார்.